கேட்பதுபோல் கேட்டேன்

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, மதுராந்தகம் தாலுகாவில் ஒரு கிராமத்தில், 5 சென்ட் மனைக்கு 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். அங்கிருந்து வேடந்தாங்கல் ஏரிக்கு டூவீலரில் ஒரு மிதி மிதித்தால் போய்விடலாம். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் தந்தார்கள். பணம், நானும் என் மனைவியும் சேர்ந்து கட்டிவந்த ஏலச்சீட்டை நான் மட்டும் தள்ளி எடுத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ராத்திரி, சாப்பிட்டு முடித்து எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தபோது, நான் எழுந்து அதை அணைத்துவிட்டு, "நாம எல்லாரும் ஏரிப் பக்கம் குடிபோனா என்ன? அவங்கவங்க மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன்.

முடிவெடுத்து, பணமும் கட்டிவிட்டு, அதற்கப்புறம் சம்மதம் வாங்க உட்கார்ந்தவன் நான். இதில் இன்னும் கேவலமானது ஒன்று உண்டு. அன்று படுக்கும்போது, "நம்ம வீட்ல எதையும் கலந்து பேசித்தான் செய்யறோம்" என்று எனக்கே ஒரு பெருமிதம் வந்தது. பொய் சொல்கிறவனுக்குத் தான் சொல்வது பொய் என்றாவது தெரிந்திருக்கும். எனக்கு அந்த ஞாபகம்கூட இல்லாமல் நல்ல தூக்கம் வந்தது.

நாங்கள் இருப்பது முடிச்சூர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்களே, அதே முடிச்சூர். அடையாற்றுத் தண்ணீர் கீழ்வீட்டை மூழ்கடித்து மாடிப்படியில் ஏறி வந்தது. படகு வரும்வரை மொட்டை மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தோம். அப்பா அந்த மனையை வாங்கியபோது சுற்றிலும் வயல். ஏரி நிறைந்தால் தண்ணீர் எந்தப் பக்கமாகப் போகும் என்று அவர் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. ஐப்பசி பிறந்தால் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து பத்திரங்களை மேலே ஏற்றுவது இப்போதும் எங்கள் தெருவில் பல வீடுகளில் நடக்கிறது. ஆகவே இந்த இடத்தை விட்டுப் போகவேண்டும் என்ற பேச்சு எங்கள் வீட்டில் புதிதில்லை. அதில் நியாயமும் இருந்தது. அந்த நியாயத்தைத்தான் நான் எனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டேன். வெள்ளத்துக்குப் பயந்தவன் மேட்டு நிலத்தைத் தேடிப் போகவேண்டும். நான் குடும்பத்தைக் கூட்டிப்போகப் பார்த்தது இன்னொரு ஏரிக்கரைக்கு.

உள்காரணம் வேறு. என்னிடம் ஒரு பழைய கேமராவும், என் வசதிக்கு மிஞ்சிய ஒரு நீள லென்ஸும் இருக்கின்றன. கார்த்திகையிலிருந்து பங்குனி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வேடந்தாங்கலில்தான் கிடப்பேன். கூழைக்கடா இறங்குவதை ஒருவன் ஒரு தடவை சரியாகப் பார்த்துவிட்டால் போதும், திங்கட்கிழமை கம்பெனியில் கணக்கெழுத மனசு வராது. அவ்வளவு பெரிய உடம்பு, இரண்டு காலையும் முன்னால் நீட்டித் தண்ணீரைக் கீறிக்கொண்டே வந்து, சட்டென்று ஒன்றுமே நடக்காததுபோல் மிதக்கும். மரங்களின் உச்சியில் சங்குவளை நாரைகள் ஒன்றையொன்று அலகால் இடித்துக்கொண்டு நிற்கும். கரண்டிவாயன் தன் குச்சிக்கூட்டில் ஒரு குச்சியை எடுத்து, யோசித்து, மறுபடி அதே இடத்திலேயே வைக்கும். வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆசைப்பட்டதில் குற்றமில்லை. அதை என் ஆசை என்று சொல்லாமல் விட்டதுதான் குற்றம்.

ஏரி அப்படியொன்றும் பெரிதல்ல. 30 ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. மதுராந்தகம் ஏரிக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டை என்றுதான் சொல்லத் தோன்றும். தண்ணீருக்குள்ளேயே நிற்கிற நீர்க்கடம்பும் கருவேலமும்தான் அதன் சொத்து. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் கூட்டுக்குக் காவல் தானாகக் கிடைக்கிறது. ஆனால் வேடந்தாங்கலில் என்னை மடக்கியது பறவைகள் மட்டுமல்ல, அந்த ஊர்க்காரர்களின் பழைய கதையும்தான். 1790களில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து ஏரியில் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊரார் திரண்டு போய்ச் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் கதையில், மழை ராத்திரியில் கரையின் மேல் வில்லோடு நின்ற இருவரைப் பார்த்துவிட்டுத் தாயார் சன்னிதி கட்டிக் கொடுத்த துரை ஒருவர் வருவாரே, அவரேதான். கொடுத்த கவுல் பிற்காலத்தில் தொலைந்துபோக, 1858ல் ஊரார் மறுபடியும் போய் நின்று இன்னொரு கலெக்டரிடம் அதைப் புதுப்பித்து வாங்கினார்கள்.

தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. இதைப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதி, நாமும் ஆண்டுதோறும் உருகுகிறோம். ஊர்க்காரர்கள் அதை உருகிக்கொண்டு சொல்வதில்லை. பறவையின் எச்சம் விழுந்து ஊறிய ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் உரச்செலவு குறைகிறது. சொர்ணவாரியானாலும் சம்பாவானாலும் நவரையானாலும் பயிர் வித்தியாசமாக நிற்கிறது. "அது இருந்தா நமக்கு லாபம், அதனால வெடி வேணாம்" என்று நேராகவே சொல்வார்கள். தங்களுக்கு என்ன கிடைக்கிறது, அதற்காக எதை விடுகிறோம் என்பதை எல்லோருக்கும் தெரியப் பேசி வைத்துக்கொண்டதால்தான் இருநூறு வருஷம் தாண்டியும் அந்தக் கட்டுப்பாடு நிற்கிறது என்பது என் கணிப்பு. இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அன்று வெள்ளிக்கிழமையும் சொன்னேன். சொல்லிவிட்டு, எனக்கு என்ன லாபம் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

லாபம் இதுதான். என் கம்பெனி மறைமலைநகர்ப் பக்கம். எங்கள் கம்பெனி பஸ் படாளம் கூட்டு ரோடு வரை வந்து ஆட்களை ஏற்றிப் போகிறது. முடிச்சூரிலிருந்து ஜிஎஸ்டி ரோடு நெரிசலில் நான் படுகிற பாட்டோடு பார்த்தால், அங்கே குடிபோனால் எனக்குச் சுகம்தான். பஸ்ஸில் ஏறித் தூங்கிவிடலாம். என் மனைவி குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். காலை ஷிப்ட் 7 மணிக்கு. சர்க்கரைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் அவளுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். படாளத்துக்கு வர ஒரு பஸ், அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ், பிறகு மின்சார ரயில். விடியற்காலையில் முதல் பஸ் எப்போது என்று நான் விசாரிக்கவேயில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடுமே.

விசாரித்துச் சொல்லவேண்டியதற்குப் பதிலாக ஆளுக்கொரு காரணம் தயாரித்து வைத்திருந்தேன். சின்னவனுக்கு இளைப்பு இருக்கிறது, சுத்தமான காற்று வேண்டும். பெரியவளுக்கு டிஸ்டர்பன்ஸ் இல்லாமல் படிக்க இடம் வேண்டும். மனைவிக்குத் தோட்டம் போட ஆசை. ஒரு தடவை கறிவேப்பிலை விலையைப் பார்த்து ஏதோ சொன்னாள், அதை நான் பிடித்துக்கொண்டேன். அம்மாவுக்கு உத்திரமேரூர்ப் பக்கம் பிறந்த ஊர். மண்வாசனை வரும், உடம்பு தேறும். இதில் யாரும் என்னிடம் வாய்திறந்து கேட்டது ஒன்றுகூட இல்லை.

பெரியவள் பத்தாம் வகுப்பு. அவளை மடக்க, "சைபீரியாவிலேர்ந்து பறவையே குடும்பத்தோட வந்து தங்குது, நமக்கென்ன?" என்றேன். "அதுங்க மே மாசம் கிளம்பிடுதேப்பா" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். உண்மையில் நான் சொன்ன சைபீரியாவும் அரைப் பொய். வேடந்தாங்கலில் கூடு கட்டுகிற நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் பெரும்பாலும் நம் நாட்டுக்குள்ளேயே தண்ணீரைத் தேடி இடம் மாறுகிறவை. வடக்கே தூர தேசத்திலிருந்து வருவது வாத்து வகைகள். அவை இங்கே கூடு கட்டுவதில்லை, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கிறவை தூரத்திலிருந்து வந்தவை அல்ல, தூரத்திலிருந்து வந்தவை குஞ்சு பொரிப்பதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் குடும்பத்தை நகர்த்துகிற பேச்சுக்குச் சைபீரியா எடுப்பாக இருந்தது.

அம்மாதான் என்னைக் கொன்றுவிட்டாள். "நான் எப்படா ஊருக்குப் போகணும்னு சொன்னேன்? கிணத்துல தண்ணி சேந்திச் சேந்திக் காய்ச்சுப்போன கையி இது" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். பிறகு ஒரு நிமிஷம் யோசித்து, "உங்கப்பா இந்த மனைய வாங்கிட்டு வந்து அப்புறம்தான் என்கிட்ட சொன்னாரு. நீயாச்சும் வாங்கறதுக்கு முன்னாடி உட்கார வச்சுக் கேக்குற. அந்தமட்டும் நல்லது" என்றாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ரசீது என் டூவீலர் சீட்டுக்கு அடியில், ஆர்சி புத்தக உறைக்குள் இருந்தது. எழுந்துபோய் எடுத்துவந்து நடுக்கூடத்தில் போட்டிருக்கலாம். "சரிம்மா, ஒரு தடவை எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றேன்.

போனோம், ஜனவரிக் கடைசியில். வேண்டுமென்றே அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஏரி தளும்ப, மரத்தில் இலை தெரியாதபடி பறவை இருக்கும் காலம் அது. கரைமேல் நடந்து கோபுரத்தில் ஏறிப் பார்த்தோம். சின்னவன் வாடகை பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கவில்லை. நத்தைகுத்தி நாரை ஒன்று கரையோரம் ஒரு நத்தையை அலகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலகு நுனியை உள்ளே விட்டு, ஓடு உடையாமல் உள்ளே இருப்பதை மட்டும் இழுத்தெடுத்தது. பெரியவள்கூட "வாவ்" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

என் மனைவி துப்பட்டாவை மூக்கில் வைத்திருந்தாள். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது எச்சமும் அழுகிய மீனும் கலந்த நெடி முகத்தில் அறைந்தது. கூட்டிலிருந்து தவறிய மீன் துண்டு ஒன்று கிளையிடுக்கில் ஈ மொய்த்துக் கிடந்தது. "இது தினமுமே இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டாள். "சீசனுக்கு மட்டும்தான்" என்றேன். "அப்ப சீசன் இல்லாதப்ப என்ன இருக்கும்?" என்றாள். நல்ல கேள்வி. மழை பொய்த்த வருஷங்களில் ஏரி காய்ந்து, பறவைகள் வராமலே போனதுண்டு என்பதை நான் படித்திருக்கிறேன், பார்த்தும் இருக்கிறேன். "அமைதியா இருக்கும்" என்று பதில் சொன்னேன்.

தெரிந்தே நான் மறைத்த இன்னொன்று சட்டம். 1998ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேடந்தாங்கலைச் சரணாலயமாக அறிவித்தபோது, ஏரியை மட்டும் அறிவிக்கவில்லை; ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரைக்கும் அறிவித்தார்கள். ஊர்கள், வயல்கள், பட்டா நிலங்கள், சின்னச் சின்ன ஏரிகள் எல்லாம் அந்த வட்டத்துக்குள் அடக்கம். சரியான ஏற்பாடுதான். பறவை தூங்குவது ஏரியில் என்றாலும் மேய்வது சுற்றியுள்ள வயல்களில். வயல் போனால் ஏரி வெறும் தண்ணீர். 2020ல் அந்த 5 கிலோமீட்டரைச் சுருக்கி வெளிவட்டத்தை விடுவிக்க ஒரு முன்மொழிவு வந்தது. மாநிலம் முழுக்க எதிர்ப்பு கிளம்பி, அது நின்றுபோனது. ஆன்லைனில் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஏழெட்டுப் பேருக்கு அனுப்பி அவர்களையும் போடவைத்தேன். 2022ல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினேன்.

நான் முன்பணம் கொடுத்த மனை அந்த 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. போன போகத்தில் நெல் விளைந்த நஞ்சை. கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, மனை என்கிறார்கள். "டிடிசிபி அப்ரூவல் இருக்குங்களா?" என்று தரகரிடம் கேட்டேன். "வந்துரும் சார், அப்ளை பண்ணிக்கீது" என்றார். அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது முடிச்சூரே அல்லாடியது. வரன்முறைப்படுத்த என் பக்கத்து வீட்டுக்காரர் அலைந்ததைப் பார்த்தவன் நான். வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லை. சர்வே எண்ணை வாங்கிப் பட்டாவும் சரிபார்க்கவில்லை. கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவன், ஒரு ரூபாய் பில்லுக்கும் வவுச்சர் கேட்கிறவன்.

இதெல்லாம் புத்திகெட்டதனம் என்று தள்ளிவிடலாம். அடுத்ததை அப்படித் தள்ள முடியாது.

முன்பணம் கொடுத்த அன்று, பணத்தை எண்ணி மடியில் வைத்துக்கொண்ட பிறகு, தரகர் பேச்சுவாக்கில் கேட்டார்: "சார் என்ன ஆளுங்க?" கிராமத்தில் நிலமோ வீடோ கேட்டுப் போனவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். சில பேர் ஊரைக் கேட்பார்கள், சில பேர் குலதெய்வத்தைக் கேட்பார்கள், இவர் நேரடியாகக் கேட்டார். நான் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் உள்ளே ஏதோ சௌகரியமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு அவர், "வீட்டம்மாவும் நம்ம ஆளுங்கதானே?" என்றார்.

என் மனைவி வேறு சாதி. நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். இரண்டு வீட்டிலும் ஒப்பவில்லை. அப்பா சாகிறவரை அவள் கையால் சாப்பிட்டதில்லை, அம்மா மெதுவாக மாறினாள். எந்த ஊரிலும் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம் என்று இருப்பதில், அவள் பிறந்து வளர்ந்தது எந்தப் பக்கம் என்று தரகருக்கு நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமலாவது, "அது எதுக்குங்க உங்களுக்கு?" என்று எழுந்திருக்க வேண்டும்.

"ஆமாம்" என்றேன்.

வெறும் மனை வாங்கத்தானே வந்திருக்கிறோம், எதற்கு விவகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையில் நான் அந்த ஊருக்கு என்ன வாக்குக் கொடுத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அவள் அங்கே குடிவந்து, என் பொய்யைக் காலமெல்லாம் தன் முகத்தில் வைத்துக்கொண்டு தெருக்குழாயில் நிற்கவேண்டும். அவள் அம்மாவும் தம்பியும் பொங்கலுக்கு வந்தால் யாரென்று சொல்வது? பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? குடும்பத்தின் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டு, குடும்பத்தில் பாதிப் பேரை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே நுழையப் பார்த்தேன்.

சீட்டு விஷயம் ஏப்ரலில் வெளியே வந்தது. சீட்டு நடத்தும் அம்மா கோயிலில் என் மனைவியைப் பார்த்து, "என்ன, சீட்டைத் தள்ளி எடுத்துட்டாராமே, நல்ல காரியமா?" என்று கேட்டிருக்கிறார். அவள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. டூவீலர் சீட்டுக்கு அடியில் கைவிட்டு ரசீதை எடுத்துப் போட்டோ பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் ஒரு நாள் லீவு போட்டு, லேபில் கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, நான் கேட்கத் தவறிய அந்தப் பஸ்களிலேயே ஏறிப் போயிருக்கிறாள்.

அவள் தரகரிடம் முதலில் போகவில்லை. ஏரிக்கால்வாயில் நூறு நாள் வேலைக்கு வந்து வேலமர நிழலில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போனாள். கொண்டுபோன தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் பேச உட்கார்ந்தாளாம். நான் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர்ப் பெண்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கேமராவில்கூட அவர்கள் விழுந்ததில்லை. விழுந்தால் அழித்துவிடுவேன், பறவைக்குப் பின்னால் ஆள் இருந்தால் படம் கெட்டுவிடும்.

அவள் அங்கே கேட்டதும், அவர்கள் சொன்னதும்: கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோதான், அதுவும் தெரிந்த ஆட்டோவாக இருந்தால். பிளஸ் ஒன் பிளஸ் டூவுக்குப் பெண்களை மதுராந்தகம் அனுப்புகிறார்கள். சாயங்காலம் வர இருட்டிவிடுவதால் பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. ராத்திரி இளைப்பு வந்தால் 108க்குப் போன் போட்டுவிட்டு ரோட்டில் போய் நிற்கவேண்டும். மதுராந்தகத்தில் முதலுதவி செய்து செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அறுவடை நேரத்தில் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் பறக்கும், இளைப்புக்காரனுக்கு ஆகாது. மனை போட்டிருக்கிற இடம் எப்படி என்றால், "அதுவா? தாழ்வாச்சே. கலங்கல் போனா அந்த வழியாத்தான் போவும்" என்று ஒரு பாட்டி கையால் காட்டினாளாம். அப்பா கேட்காமல் விட்ட அதே கேள்வி. அவளுக்கு அரைமணி நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது.

ஏரியில் அன்று மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன என்றாள். போட்டோ எடுத்து வந்திருந்தாள். வெடித்த மண்ணில் நீர்க்கடம்பு வேர் தெரிய நின்றது.

கடைசியாகத்தான் தரகரைப் பார்த்திருக்கிறாள். அவர் பிரியமாக மோர் வாங்கிக் கொடுத்து, "சார் சொன்னாரும்மா, நீங்களும் நம்ம ஆளுங்கதான்னு. தைரியமா வாங்க" என்றாராம்.

அன்று ராத்திரி அவள் கத்தவில்லை. ரசீதையும் சீட்டையும் சொன்னாள், பாட்டி சொன்னதைச் சொன்னாள், மோர் குடித்ததைச் சொன்னாள். பிறகு, "அந்த ஊர்ல நான் யாரா இருந்திருப்பேன்?" என்று கேட்டாள். என்னிடம் பதிலில்லை. அவளும் காத்திருக்கவில்லை, போய்ப் படுத்துவிட்டாள்.

பிறகு ஒரு நாள் ஒரு செய்தி படித்தேன். ஜப்பானில் தோக்கியோவை விட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போகிறவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறது. 2023ல் அதைக் குழந்தைக்குப் பத்து லட்சம் யென் வரை உயர்த்தினார்கள். ஆனால் போன இடத்தில் குறைந்தது ஐந்து வருஷம் இருக்கவேண்டும், பாதியில் திரும்பினால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். இதைப் படித்தபோது, கிராமத்துக்கு ஆள் வேண்டும் என்று தவிக்கிற அரசாங்கமே இவ்வளவு கணக்குப் பார்க்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. நான் என் குடும்பத்துக்கு ஒரு கோடையைக்கூடக் காட்டாமல் நடத்தி முடிக்கப் பார்த்தவன். நகரத்தை விட்டு ஏரிக்கரைக்குப் போனவர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளிலும் பெரும்பாலும் அந்தக் குடும்பத் தலைவர்தான் பேசுவார். மனைவி படத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருப்பார். அந்தப் படத்தில் நிற்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வேற பார்ட்டி வந்தா பாதி தரேன் சார்" என்கிறார். வேறு பார்ட்டி வரக்கூடாது என்றும் எனக்கு இருக்கிறது. அந்த நஞ்சையில் இன்னொருவன் வீடு கட்டினால் நத்தைகுத்திக்கு ஒரு மேய்ச்சல் குறையும். அந்தப் பணம் போனது போனதுதான். சீட்டுக்கு மீதித் தவணையை இப்போது என் சம்பளத்திலிருந்து மட்டும் கட்டுகிறேன். அம்மாவிடம் நானே சொன்னேன். "அப்பனுக்குத் தப்பாத புள்ள" என்று சொல்லிவிட்டு, நாலு நாள் என்னிடம் பேசவில்லை.

குடிபோகிற பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. இந்த ஐப்பசியில் பீரோ கீழ்த்தட்டைக் காலி செய்யும்போது என் மனைவியே எடுத்தாள். பெரியவள் பிளஸ் டூ முடிக்கட்டும் என்கிறாள். அதற்கப்புறம் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ, ரயில் நிற்கிற ஊராக, மேடான தெருவாக, முதலில் வாடகைக்கு. ஒரு கோடையும் ஒரு மழையும் இருந்து பார்த்துவிட்டுப் பேசலாம். அதற்குள் அவள் செங்கல்பட்டு லேப் எதிலாவது வேலை தேடிக்கொள்வாள். கிடைக்காவிட்டால் பேச்சே இல்லை. அம்மா வருகிறாளா, முடிச்சூரிலேயே இருக்கிறாளா என்பதை அம்மாவிடம் அவள் கேட்டுக்கொள்வாள். பறவை பார்க்க நான் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்க்கொள்ளலாம்.

வீடு கேட்க அவளே போவாளாம். வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் தான் யார் என்று அவளே சொல்லிவிடுவாளாம். வேண்டாம் என்றால் அடுத்த வீடு. நான் கூட வரலாம், வாயைத் திறக்கக் கூடாது. சரி என்றிருக்கிறேன்.